அவர் பெயரில் போன மின்னஞ்சல்கள்

ஒரே வருடத்தில் எங்கள் பொருளியல் துறைக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து இரண்டு கையேடுகள் வந்தன. ஒன்று வழவழப்பான தாளில் வண்ணத்தில் அச்சிட்டது. சின்னத்தை எங்கே வைக்க வேண்டும், அதைச் சுற்றி எவ்வளவு இடம் விட வேண்டும், நீலம் என்றால் எந்த நீலம், கடிதங்களுக்கு எந்த எழுத்துரு என்று எல்லாம் அதில் இருந்தது. இன்னொன்று எட்டுப் பக்க ஜெராக்ஸ், மூலையில் ஒரு பின் அடித்தது. பார்வையில்லாத மாணவர்கள் கணினியைப் படிக்கச் சொல்லிக் காதால் கேட்கிறார்களே, அவர்களுக்கு ஏற்றபடி ஆவணங்களைத் தயாரிப்பது எப்படி என்று அது சொன்னது. துறைத் தலைவர் இரண்டையும் என் தலையில் கட்டினார். முதலாவதை வரி விடாமல் படித்தேன். இரண்டாவதை மேசை இழுப்பறையில் போட்டேன்.

எனக்கு எதுவும் கோணலாக இருந்தால் பிடிக்காது. அச்சாகி வரும் சுற்றறிக்கையின் மேல் ஸ்கேலை வைத்து, சின்னம் ஓரத்திலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று அளப்பேன். மாணவர்கள் என்னை ‘ஸ்கேல் மேடம்’ என்று கூப்பிடுவது எனக்குத் தெரியும். உள்ளூர அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

துறை அலுவலகத்தில் தட்டச்சு, கோப்பு, மின்னஞ்சல் எல்லாவற்றையும் ஒற்றை ஆளாகப் பார்த்தவர் எங்கள் கிளார்க். ஐம்பதைத் தாண்டியவர். அணைக்கட்டு என்ற ஊருக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். அதிர்ந்து பேச மாட்டார். துறையின் மின்னஞ்சல் கணக்கைப் பல வருடங்களுக்கு முன்னால் தொடங்கியவர் அவர்தான். அதனால் துறையிலிருந்து யார் எதை அனுப்பினாலும் அனுப்பியவர் என்ற இடத்தில் அவர் பெயர்தான் போகும். அதை மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை.

ஒருநாள் பதிவாளர் அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தது. எங்கள் துறை அனுப்பிய தேர்வுச் சுற்றறிக்கையில் சின்னமே இல்லையாம். நீலப் பட்டை இல்லை, தலைப்பு இல்லை, வெறும் எழுத்து. எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. தாளை எடுத்துக்கொண்டு நேராக அவர் மேசைக்குப் போனேன். கட்டணச் சீட்டு வாங்க வந்த மாணவர்கள் ஆறேழு பேர் நின்றிருந்தார்கள்.

“என்ன சார் இது? ஒரு லோகோ வைக்கிறதுக்குக்கூட உங்களுக்கு உக்காந்து சொல்லிக் குடுக்கணுமா?”

அவர் எழுந்து நின்றார். “வேற காப்பி மாறிப் போய்டுச்சி மேடம். இனிமே பாத்துக்கறேன்.”

“வேற காப்பி எதுக்கு இருக்கு?”

அவர் உட்கார்ந்து சரியான காப்பியை மறுபடி அனுப்பத் தொடங்கினார். நான் விடவில்லை. தலைவருக்கு எழுத்தில் கொடுத்தேன். தலைவர் அவருக்கு மெமோ கொடுத்தார். ‘கவனக்குறைவால் நேர்ந்தது, இனி நேராது’ என்று ஒரே வரியில் அவர் விளக்கம் எழுதினார். அந்தத் தாளில் சின்னம் சரியான இடத்தில் இருந்தது. அதைக் கோப்பில் வைக்கும்போது எனக்குத் திருப்தியாக இருந்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவருக்கு மார்பு வலி வந்தது. வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரும் வழியிலேயே உயிர் போய்விட்டது. துறையிலிருந்து எல்லோரும் போனோம். அவர் மனைவி அந்த நிலையிலும் எனக்கு நாற்காலி போடச் சொன்னார். சர்க்கரை ரொம்ப நாளாக இருந்தது, மாத்திரை ஒழுங்காகப் போட மாட்டார் என்று பேசிக்கொண்டார்கள். மெமோவைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. யாராவது திட்டியிருந்தால் தேவலை என்று வழி முழுக்க நினைத்துக்கொண்டே வந்தேன்.

அவர் இடத்துக்கு ஆள் போடவில்லை. துறையின் பழைய ஆவணங்களை எல்லாம் புதிய முறைக்கு மாற்றும் வேலை பாக்கியிருந்தது. நானே அவருடைய கணினியில் உட்கார்ந்தேன். அதில் தனியாக ஒரு கோப்புறை இருந்தது. திறந்தால் சின்னம் இல்லாத கோப்புகள் வரிசையாக. ‘அட, இதையே ஒரு வழக்கமாக வைத்திருந்திருக்கிறாரே’ என்று முதலில் எரிச்சல்தான் வந்தது. ஒன்றைத் திறந்து இரண்டு வரி படித்ததும் கை நின்றுவிட்டது. அவை என்னுடைய பாடக் குறிப்புகள்.

நான் அவற்றைப் பழைய தமிழ் எழுத்துருவில் அடித்து, அச்செடுத்து, ஸ்கேன் செய்து மாணவர்களுக்குக் கொடுத்து வந்தேன். கண் உள்ளவர்களுக்கு அது பாடம். கணினியின் குரலுக்கு அது வெறும் படம். ஒரு எழுத்தைக்கூட அதால் படிக்க முடியாது. அவர் அதைப் பார்த்துப் பார்த்து, புதிய எழுத்துருவில் முதலிலிருந்து அடித்திருந்தார். மூன்று யூனிட் முடிந்திருந்தது. ஒவ்வொன்றையும் மின்னஞ்சலில் ஆம்பூரில் இருந்த ஒரு பழைய மாணவிக்கு அனுப்பியிருந்தார். தேர்வுச் சுற்றறிக்கையின் சின்னமில்லாத காப்பியும் அவளுக்காக எடுத்ததுதான்.

அந்தப் பெண்ணை எனக்குத் தெரியும். மூன்று வருடம் என் வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்தவள். பிறவியிலேயே பார்வை இல்லாதவள். கரும்பலகையில் படம் போட்டு, “இதோ பாருங்க, இந்தக் கோடு இப்படி இறங்குது” என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தவள் நான். எல்லாத் தாளிலும் தேறி, என் தாளில் மட்டும் அரியர் வைத்திருந்தாள். அதை முடித்தால்தான் பி.எட். சேர முடியும். கார்த்திகையில் தேர்வு. இருப்பது ஐந்து யூனிட், அவள் கையில் இருப்பது மூன்று.

மேசையில் அவருடைய ஹெட்போன் கிடந்தது. மாட்டிக்கொண்டு, அந்தக் குரலை என் சுற்றறிக்கை ஒன்றைப் படிக்கவிட்டேன். ஒவ்வொரு பக்கம் தொடங்கும்போதும் அது சின்னத்தின் கோப்புப் பெயரைச் சொன்னது. ‘லோகோ நியூ ஃபைனல் டூ. லோகோ நியூ ஃபைனல் டூ.’ நான்கு பக்கத்துக்குள் எனக்கே பைத்தியம் பிடித்துவிடும்போல் ஆகிவிட்டது. பிறகு அவருடைய கோப்பை வைத்தேன். சின்னம் இல்லை, பட்டை இல்லை. குரல் தடங்கலில்லாமல் ஓடியது.

இழுப்பறையில் போட்ட ஜெராக்ஸை அன்றைக்குத்தான் எடுத்துப் படித்தேன். மூன்றாம் பக்கத்திலேயே இருந்தது. சின்னத்தை அலங்காரப் படம் என்று குறித்துவிட்டால் போதும், குரல் அதைத் தாண்டிப் போய்விடும். இரண்டு கிளிக். சின்னமும் இருந்திருக்கும், அவளும் படித்திருப்பாள். நான் அதைப் படித்து அவருக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், இரண்டு காப்பி எதற்கு?

என்னைத் தூங்கவிடாமல் செய்தது அதைவிட அவர் எழுதியிருந்த பட விளக்கங்கள்தான். தேவைக் கோட்டுக்கு இப்படி எழுதியிருந்தார்: ‘சோளிங்கர் மலைப் படியில கீழ எறங்கறேன்னு வெச்சிக்கோம்மா. ஒவ்வொரு அடிக்கும் கால் கீழ போவுது, ஆளு முன்னாடி போவான். கோடு அப்படித்தான் போவுது. கீழ போறது விலை. முன்னாடி போறது வாங்கற அளவு. விலை கம்மி ஆவ ஆவ, வாங்கறது ஜாஸ்தி.’ பொருளியல் படிக்காத மனிதர். ஒருநாள் என்னிடம் வந்து, “மேடம், இந்தக் கோடு ஏன் வளைஞ்சிருக்கு?” என்று கேட்டார். “உங்களுக்கு எதுக்கு சார் அது?” என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

நான்காவது யூனிட்டை நானே தயாரித்தேன். கையேட்டுப்படி தலைப்புகள், அட்டவணைகள், படங்களுக்கு மாற்று விளக்கம். ‘படம் 4.2: இடமிருந்து வலமாக மேல்நோக்கிச் செல்லும் அளிப்பு வளைகோடு.’ ஒரு குறை சொல்ல முடியாது. அதைத் துறை மின்னஞ்சலிலிருந்து அனுப்பினேன், அவர் பெயரில் போயிற்று. பெயரை மாற்ற இரண்டு நிமிடம் ஆகாது. ‘அவர் காலமாகிவிட்டார்’ என்று முதலில் அடித்தேன்தான். பிறகு அழித்தேன். தேர்வு நெருங்குகிறது, இப்போது எதற்கு அவளைக் கலங்கவைப்பது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

அன்று சாயங்காலமே பதில் வந்தது. ‘நன்றி சார். நல்லா இருக்கீங்களா? மலைப் படி உதாரணத்தை அக்காகிட்ட சொன்னேன், விழுந்து விழுந்து சிரிச்சா.’

நல்லா இருக்கீங்களா என்ற வார்த்தையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். என்ன பதில் போடுவது? ‘பெறப்பட்டது. அலகு 5 விரைவில் அனுப்பப்படும்’ என்று போட்டேன். அதன் கீழே வண்ணக் கையேட்டில் சொன்னபடி துறையின் பெயரும் முகவரியும். அனுப்பிய பிறகு நாற்காலியில் சாய்ந்து உட்காரவே கூசியது. அவருடைய நாற்காலி அது. பின்னால் நின்று யாரோ திரையைப் படிப்பதுபோல் இருந்தது.

அந்த நாற்காலியில் உட்கார்ந்த நாட்களில் நான் நானாக இல்லை. கோப்பின் ஓரத்தில் எனக்காக நான் ஒரு குறிப்பு எழுதினால், அதன் தலையில் கணினி தானாகவே அவர் பெயரைப் போடும். ‘இந்த வரியைச் சரிபார்க்க’ என்று நான் எழுதுவேன். அவர் சொன்னதாக அது காட்டும். ஒரு மத்தியானம் ஹெட்போனின் பின் கழன்றுவிட்டது தெரியாமல் கோப்பை ஓட்டினேன். குரல் வெளியே கேட்டது. முதலில் அவர் பெயர், பிறகு குறிப்பு. மறுபடி அவர் பெயர், மறுபடி குறிப்பு. டீ கொண்டுவந்த ஆயாம்மா வாசலிலேயே நின்றுவிட்டார்.

“இன்னா மேடம், அவரு பேரச் சொல்லுது?”

“கம்ப்யூட்டர்தாம்மா. ஒண்ணும் இல்ல.”

“நிறுத்துங்க மேடம். பேஜாரா கீது.” டீயை வெளியே ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுப் போனார். அதன் பிறகு அவர் அந்த அறைக்குள் வரவில்லை, டீ தினமும் ஜன்னல் கட்டையில்தான் இருந்தது.

ஐந்தாவது யூனிட்டையும் அனுப்பினேன். அதற்கு வந்த பதிலில் ‘நன்றி சார்’ மட்டும் இருந்தது. நலம் விசாரிக்கவில்லை. அப்பாடா என்று இருந்தது எனக்கு.

தேர்வு முடிந்து இரண்டு வாரம் இருக்கும். காலை பதினொரு மணிக்கு அவள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு துறைக்கு வந்தாள். அக்கா ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தைக்கிறவள், அரை நாள் லீவு போட்டுக் கூட்டிவந்திருந்தாள். என் குரலைக் கேட்டதும் அந்தப் பெண் அடையாளம் கண்டுகொண்டு வணக்கம் சொன்னாள்.

“சார் இல்லையா மேடம்?”

“உக்காரும்மா முதல்ல.”

“இல்ல மேடம், ரெண்டு நிமிஷம் அவர்கிட்ட சாரி கேட்டுட்டுப் போய்டறேன்.”

“சாரி எதுக்கு?”

“இன்னா தப்பு பண்ணேன்னு தெரியல மேடம். மூணு யூனிட் வரைக்கும் நல்லா பேசுனாரு. நாலாவதுல இருந்து மொத்தமா மாறிட்டாரு. நல்லா இருக்கீங்களான்னு கேட்டா ‘பெறப்பட்டது’ன்றாரு. தொந்தரவு ஜாஸ்தி குடுத்துட்டேன் போல. அஞ்சாவது யூனிட்ல ஒரு படம் புரியவே இல்ல. முன்ன மாதிரி இருந்தா கேட்டிருப்பேன். கோவத்துல இருக்காரேன்னு பயந்துகிட்டு கேக்கல. அதான் பரீட்சைல வந்துச்சி. வுட்டுட்டேன்.”

அக்கா, “அதையே நெனச்சிட்டு சரியா சாப்பிடறதுகூட இல்ல மேடம். நேர்ல போய் ஒரு வார்த்த கேட்டுடுன்னு நான்தான் இட்டாந்தேன்” என்றாள்.

இதற்கு மேல் ஒளிக்க எனக்குத் தெம்பு இல்லை. சொல்லிவிட்டேன். அவர் இறந்ததைச் சொன்னேன். கடைசி இரண்டு யூனிட்டும் நான் அடித்தவை என்பதைச் சொன்னேன். அவளுக்காக எடுத்த காப்பி மாறிப் போனதையும், நான் மாணவர்கள் முன்னால் அவரிடம் கத்தியதையும், மெமோவையும் சொன்னேன். அவள் முகத்தைத் திருப்பாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“எப்போ மேடம் இறந்தாரு?”

“ஆடி மாசம்.”

“நாலாவது யூனிட் வர்றதுக்கு முன்னாடியா?”

“ஆமாம்மா.”

“அப்ப அவருக்கு என்மேல கோவமே இல்ல” என்றாள். அவள் முகம் ஒரு நொடி தெளிந்தது. பிறகுதான் அழுதாள். அக்கா துப்பட்டாவால் அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டாள். நான் எழுந்து பக்கத்தில் போகலாமா என்று பார்த்தேன், போகத் தைரியம் வரவில்லை.

அழுகை அடங்கியதும் என் பக்கமாகத் திரும்பினாள்.

“அவரு பேர வெச்சிகிட்டு நீங்க ஏன் மேடம் என்கிட்ட அவ்ளோ கம்முனு இருந்தீங்க?”

“பயம்மா,” என்றேன். “பேசுனா நான் செஞ்சதெல்லாம் வெளிய வந்துடுமேன்னு. வேற ஒண்ணும் இல்ல.”