மணமேடைப் படத்தில் பெரியம்மாள்

பாப்பிரெட்டிப்பட்டி ஸ்டுடியோ ஒன்றில் கலைமதி ஒன்பது வருடமாகக் கல்யாண ஆல்பம் செய்கிறாள். ஓர் ஆளைப் பிரித்தெடுத்து வேறு படத்தில் அவள் நிறுத்தினால், தலைமுடி ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரியாது. கணினியில் படத்தின் மேல் விரிக்கும் மாஸ்க் என்ற திரையில் கறுப்பு பூசினால் ஆள் மறையும், வெள்ளை பூசினால் திரும்ப வரும். நடுவில் முடி முடியாகப் பார்த்துச் சாம்பல் பூசுவதில்தான் வேலை இருக்கிறது. அதில் அவளை மிஞ்ச அந்தத் தாலுகாவில் ஆள் கிடையாது.

போன ஆவணியில் மாதவராஜ் தன் தங்கையின் கல்யாணப் படங்களைப் பார்க்க வந்தான். கூடவே அவன் அம்மா பெரியம்மாள். மேடைப் படத்தில் அவள் பெண்ணுக்குப் பின்னால், தோளில் கை வைத்து நின்றிருந்தாள்.

“அம்மாவ எடுத்துட்டு அந்த எடத்துல அப்பாவ வெச்சுடுங்க” என்றான். அப்பா இறந்து நான்கு வருடம்.

“ரெண்டு பேரையும் வெக்கலாங்க. கொஞ்சம் நகத்துனா எடம் இருக்குது.”

“எடம் இருக்குதுங்க. மாப்ள வூட்ல வாயும் இருக்குதே! இவங்க எதுக்கு மேடையில நின்னாங்கன்னு அன்னிக்கே பேசிட்டாங்க.”

கலைமதி பெரியம்மாளிடம் திரும்பினாள். “நீங்க சொல்லுங்கம்மா. நீங்க பெத்த பொண்ணு.”

“எடுத்துடு கண்ணு. அவரு பாக்காத கல்யாணம். நின்னுட்டுப் போவட்டும்.”

அப்பாவுக்கு இருந்தது பாஸ்புக்கில் ஒட்டிய முகம் மட்டும். அதன் மேலிருந்த முத்திரையை நீக்கவே அரைநாள் போனது. உடம்புக்கு, ஸ்டுடியோ முதலாளி கிருஷ்ணப்பனின் பட்டுச் சட்டைப் படம் உண்டு. “இந்த ஊர்ல செத்தவங்க பாதிப் பேரு என் ஒடம்புலதான் கல்யாணத்துக்கு வர்றாங்க” என்று அவர் சிரித்தார். கலைமதிக்குச் சிரிப்பு வரவில்லை.

கறுப்பைப் பூசினாள். பெரியம்மாளின் முகம் போனது, புடவை போனது. தோளில் இருந்த கை மட்டும் மிச்சம். இதையாவது விட்டுவைக்கலாமே என்று பெரிதாக்கிப் பார்த்தாள். வளையல் இல்லை. களை வெட்டிக் காய்த்துப்போய், நரம்பு புடைத்திருந்தது. ஆண்பிள்ளைக் கை என்றால் யாரும் நம்புவார்கள். மணிக்கட்டில் பட்டுச் சட்டையைப் பொருத்தி, ஓரத்தை ஒரு மணி நேரம் இழைத்தாள்.

மறுநாள் மாதவராஜ் கூவினான்: “அப்பா கை அச்சு அசலா அப்படியே இருக்குதுங்க! எங்கிருந்து புடிச்சீங்க?”

பெரியம்மாள் திரையருகே குனிந்து அந்தக் கையையே பார்த்தாள். பிறகு தன் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

“ஆமாண்டா, அவரு கைதான்” என்றாள். “பிரிண்ட் போட்டுடு கண்ணு.”