சனிக்கிழமை வயிற்று வலி

இரண்டு வருடங்களுக்கு முன்னால், மார்கழி மாதம். இலங்கையில் றக்வானைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் குடியிருக்கும் லயத்தில் நடந்தது இது.

எனக்கு இரண்டு பிள்ளைகள். மகள் அப்போது ஐந்தாம் வகுப்பு. மகனுக்கு ஐந்து வயது, ஆட்டிசம். ஒரு வார்த்தை பேசமாட்டான். கேட்டது கிடைக்காவிட்டால் தலையைச் சுவரில் மோதிக்கொள்வான். கிளினிக்கில் ஏற்பாடு செய்து, சனிக்கிழமை தோறும் இரத்தினபுரியிலிருந்து ஒரு மிஸ் பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கே வருவார். பாயில் அவனோடு உட்கார்ந்து, வேண்டியதைப் படத்தைக் காட்டிக் கேட்கப் பழக்குவார். சரியாகச் செய்தால் ஒரு துண்டு பிஸ்கட். கத்தினால் எதுவும் கொடுக்கக் கூடாது. பார்த்துக்கொண்டு நிற்க எனக்கு மனசு கேட்காது.

மிஸ்ஸுக்குத் தமிழ் வராது. எனக்குச் சிங்களம் வராது. நான் அட்டன் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். இங்கே எல்லோருக்கும் சிங்களம் தண்ணி பட்ட பாடு, நான் மட்டும் பேந்தப் பேந்த விழிப்பேன். வீட்டுக்காரருக்குக் கொழும்பில் கடை வேலை, மாதம் ஒருமுறைதான் வருவார். ஆகவே மிஸ் சொல்வதை எனக்கும், நான் கேட்பதை மிஸ்ஸுக்கும் சொல்வது என் மகள்தான். சரியான வாயாடி, அவளுக்கென்ன!

ஒவ்வொரு வாரமும் நான் கேட்பது ஒன்றுதான். "தம்பி எப்ப பேசுவான்னு கேளுடி." மிஸ் நீளமாக ஏதோ சொல்வார். மகள் சுருக்கமாக, "சீக்கிரம் பேசுவானாம்மா" என்பாள். ஒரு வாரம் நான் விடாமல் நச்சரிக்கவும், "பொங்கலுக்குள்ள அம்மான்னு கூப்புடுவானாம்" என்றாள். கேட்க வேண்டுமா! கொழுந்து பறிக்கிற இடத்தில் ஒருத்தரை விடாமல் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனேன்.

அதற்குப் பிறகுதான் மகளுக்கு வயிற்று வலி தொடங்கியது. சனிக்கிழமை விடிந்தாலே சுருண்டு படுத்துக்கொள்வாள். சோறு இறங்காது. முகம் சுண்டிப்போயிற்று. தோட்டத்து டிஸ்பென்சரி மருந்து கேட்கவில்லை. டவுனுக்குக் கொண்டுபோய் ஸ்கேன் எடுத்தும் ஒன்றுமில்லை என்றார்கள். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஒரு பிள்ளைதான் இப்படி, இந்தப் பிள்ளைக்கும் ஏதாவது ஆகிவிட்டால் நான் எங்கே போவேன்? பயம் கூடக் கூடக் கோபமும் வந்தது. "தம்பிக்குக் குடுக்கிற பிஸ்கட்டப் பாத்துப் பொறாமையாடி ஒனக்கு?" என்று ஒரு நாள் கத்தியும் விட்டேன். வாயாடி மகள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

பொங்கலுக்கு முந்திய சனிக்கிழமை, மிஸ் இருக்கும்போதே வீட்டுக்காரர் லீவில் வந்து சேர்ந்தார். அவர் வாசலில் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருக்க, நான் வழக்கம்போல என் கேள்வியைக் கேட்டேன். மிஸ் பதில் சொன்னார். மகள் அப்பாவைப் பார்த்தாள், முகம் வெளிறிவிட்டது. "இன்னும் கொஞ்ச நாளாம்மா" என்று முணுமுணுத்துவிட்டு, தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

"மிஸ் அப்புடியா சொன்னாங்க?" என்றார் வீட்டுக்காரர். மிஸ்ஸிடம் சிங்களத்தில் ஏதோ கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "பேச்சு வரலாம், வராமலும் போகலாம், இப்ப சொல்ல முடியாதுங்கிறாங்க. அதையே நெனச்சுக்கிட்டு இருக்காம, படம் காட்டிக் கேக்கப் பழக்கச் சொல்றாங்க. மொத வாரத்துல இருந்தே இதத்தான் சொல்றாங்களாம்."

பேச்சு வராமலே போகலாம் என்று கேட்ட நடுக்கம் ஒரு பக்கம். இதையெல்லாம் இத்தனை வாரமும் அந்தப் பிள்ளை தனியாகக் கேட்டுக்கொண்டிருந்தாளே என்ற பதற்றம் இன்னொரு பக்கம். வெளியே ஓடினேன். வாசலில் இல்லை, கோயிலடியில் இல்லை. ஐயோ, எங்கே போனாளோ, என்ன செய்துகொள்வாளோ என்று லயத்தைச் சுற்றிக்கொண்டு ஓடினேன்.

லயத்துக்குப் பின்னால், குழாய் வழியே ஊற்றுத் தண்ணீர் கொட்டுகிற பீலிக்கரையில் இருந்தார்கள். தம்பியைக் கல்லில் உட்காரவைத்து, மிஸ் செய்வதைப் போலவே உள்ளங்கையில் பிஸ்கட் துண்டுகளை வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். "அம்மா சொல்லுடா தம்பி. ஒரே ஒரு தடவ சொல்லுடா. நாளான்னைக்குப் பொங்கல்டா." அவன் கொட்டுகிற தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

என்னைக் கண்டதும் பிஸ்கட் துண்டுகளை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். "மொத தடவ மிஸ் சொன்னப்ப, நீங்க என் வாயவே பாத்துக்கிட்டு இருந்தீங்கம்மா. எப்புடிம்மா சொல்றது?" என்றாள். அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நான் அழுத அழுகையில் பீலிக்குத் தண்ணீர் எடுக்க வந்தவர்கள் பயந்துபோனார்கள். அன்று மத்தியானம் அவள் இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

பொங்கல் வந்தது, போனது. மகன் அம்மா என்று கூப்பிடவில்லை. இன்றுவரை இல்லை. தண்ணீர் வேண்டுமென்றால் படத்தைக் கொண்டுவந்து என் கையில் வைக்கிறான், எடுத்துக் கொடுக்கும்வரை காத்திருக்கிறான். நான் கூட வேலை செய்கிற பெண்களிடம் சிங்களம் கேட்டுப் பழகினேன். என் பேச்சைக் கேட்டு இன்னமும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். இப்போது மிஸ் வந்தால் மகளை விளையாட அனுப்பிவிட்டு, தட்டுத் தடுமாறி நானே கேட்கிறேன்; பதில் எதுவானாலும் அது முதலில் என் காதில்தான் விழ வேண்டும், அதைக் கேட்டுச் சுமக்கிற வயது என் மகளுக்கு இல்லை.