எதிர்க்கடை முதல்ல ஏத்தட்டும்

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் செல்வம் அண்ணாச்சி கடையில் ஒரு எலுமிச்சை சர்பத் குடித்தேன். சர்பத் குடித்தேன் என்று சொல்வதா... இல்லை, நன்னாரி வாசம் அடிக்கிற ஐஸ் தண்ணீர் குடித்தேன் என்று சொல்வதா?

எங்கள் தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில் எதிரெதிராக ரெண்டு சர்பத் கடை. இந்தப் பக்கம் செல்வம் அண்ணாச்சி. அந்தப் பக்கம் தங்கராஜ். அண்ணாச்சியின் தங்கச்சி முத்துலெட்சுமியைத்தான் தங்கராஜ் கட்டியிருக்கிறார். ஒரு காலத்தில் ரெண்டு பேருக்கும் ஒரே கடைதான். பிரியும்போது ஐஸ்பெட்டி யாருக்கு என்று சண்டை வந்தது. அன்றோடு பேச்சு நின்று ஆறேழு வருஷம் ஆகிறது. ஒருத்தர் தும்மினால் இன்னொருத்தருக்குக் கேட்கும் – ஆனால் பேச மாட்டார்கள்.

குடிக்க வருகிற எங்களுக்குக் கட்சியெல்லாம் கிடையாது. உப்பு லாரி டிரைவர் முதல் ஷிப்பிங் ஆபீஸ் கிளார்க் வரை எல்லோரும் நிழல் கட்சி. காலையில் எந்தப் பக்கம் நிழலோ அந்தக் கடை. சாயங்காலம் மற்றது.

எலுமிச்சம்பழத்தை டம்ளருக்குக் காட்டிவிட்டுத் திரும்ப எடுத்து வைத்துவிட்டீர்களா என்று அண்ணாச்சியிடம் கேட்டேன். மனுஷனுக்குக் கோபம்கூட வரவில்லை. பழம் விலை ஏறிவிட்டது, சீனி ஏறிவிட்டது, ஐஸ் ஏறிவிட்டது, கடை வாடகையும் ஏறிவிட்டது என்று புலம்பினார். சர்பத் மட்டும் இருபது ரூபாயிலேயே நிற்கிறது. ஏத்த வேண்டியதுதானே என்றேன். எதிர்க்கடையில் ஏத்தவில்லையே! இவர் அஞ்சு ரூபாய் ஏத்தினால் மொத்தக் கூட்டமும் ரோட்டைத் தாண்டிவிடுமாம்.

சரி என்று நானும் தாண்டினேன். தங்கராஜ் கடையிலும் ஒரு சர்பத். அதே தண்ணீர், அதே புலம்பல்.

நான் காலேஜ் படிக்கும்போது சர்பத் ரெண்டு ரூபாய். அநியாய விலை என்று திட்டிக்கொண்டேதான் குடித்தோம். எங்கப்பா ஐம்பது பைசாவுக்கே திட்டியவர். விலை ஏறாத காலம் என்று ஒன்று இருந்திருக்கிறதா என்ன? போர்டில் ஏறாவிட்டால் டம்ளரில் இறங்கும், அவ்வளவுதான். அரைப் பழம் கால் பழமாகும். பெரிய டம்ளர் சின்ன டம்ளராகும். ஐஸ் மட்டும் தாராளமாக விழும். நாமும் இன்னும் இருபது ரூபாய்தானே என்று சந்தோஷமாக ஏமாந்துகொண்டிருப்போம்.

தங்கராஜ் உள்ளே ஐஸ் உடைக்கப் போன நேரம். டம்ளர் கழுவிக்கொண்டிருந்த முத்துலெட்சுமி மெதுவாக என் பக்கம் வந்தார். மகளுக்கு ஆவணியில் கல்யாணமாம். தாய்மாமன்தான் பெண்ணின் கையைப் பிடித்து மணமேடைக்குக் கூட்டிப் போக வேண்டும். அவரு வந்து பேசட்டும் என்கிறார் புருஷன். அவன் வந்து கூப்பிடட்டும் என்கிறார் அண்ணன். அண்ணனுக்கு உண்டான கல்யாணப் பத்திரிகை முத்துலெட்சுமியின் கைப்பையிலேயே கிடக்கிறது.

"விலைய யாரு முதல்ல ஏத்துததுன்னு நிக்காங்கள்லா, இதுலயும் அப்படித்தான் நிக்காங்க அண்ணாச்சி." சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. எனக்கும் மனசு கேட்கவில்லை.

கல்யாணப் பேச்சை எடுத்தால் ரெண்டு பேரும் என்னை விரட்டிவிடுவார்கள். ஆனால் விலையைப் பேசலாம் அல்லவா? ஒரே நாளில் ரெண்டு கடையிலும் ஏத்தினால் யாருக்கு நஷ்டம் என்று தங்கராஜிடம் ஆரம்பித்தேன். கொஞ்சம் யோசித்துவிட்டு முப்பது என்றார். ரோட்டைத் தாண்டிப் போய்ச் சொன்னேன். முப்பது ரொம்ப ஜாஸ்தி, இருபத்தஞ்சு என்றார் அண்ணாச்சி. திரும்பி வந்தேன். இருபத்தெட்டு என்றார் இவர். மறுபடி தாண்டினேன். ரெண்டு ரூபாய் சில்லறைக்கு நான் எங்கே போவேன் என்றார் அவர்.

வெயில் மண்டையைப் பிளந்தது. வீட்ல சொல்லிட்டு வந்துட்டியா என்று ஒரு கன்டெய்னர் லாரி டிரைவர் அன்பாக விசாரித்துவிட்டுப் போனார். இனி என்னால் நடக்க முடியாது, வேண்டுமானால் நீங்களே பேசிக்கொள்ளுங்கள் என்று ரெண்டு பக்கமும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு, தங்கராஜ் கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

குடிக்க வந்தவர்கள் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். அப்புறம் செல்வம் அண்ணாச்சி கடையை விட்டு வெளியே வந்தார். தொண்டையைச் செருமினார்.

"மாப்ளே... முப்பது வேண்டாம். லோடு ஏத்துதவங்க பாவம். இருபத்தஞ்சு போதும்."

தங்கராஜ் பிழிந்துகொண்டிருந்த பழத்தைக் கீழே வைத்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார். "சரி மச்சான். ஆனா ரெண்டு பேரும் அரைப் பழம் பிழியணும்."

மாப்ளே என்று கூப்பிட்டாயிற்று, மச்சான் என்று பதிலும் வந்தாயிற்று. இனி என்ன பாக்கி? முத்துலெட்சுமி ஒரு நிமிஷம்கூட வீணாக்கவில்லை. பத்திரிகை வைக்கத் தாம்பாளத்துக்கு எங்கே போவது? எலுமிச்சம்பழம் வைத்திருந்த அலுமினியத் தட்டிலேயே வைத்தார். கைலியில் கையைத் துடைத்துக்கொண்டிருந்த புருஷனை இழுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டினார். தட்டை வாங்கும்போது அண்ணாச்சிக்கு வாய் சிரித்தது, கண்ணில் தண்ணீர் கொட்டியது. பார்த்துக்கொண்டிருந்த எனக்கு விசில் அடிக்கலாம் போல இருந்தது.

மறுநாள் ரெண்டு கடையிலும் புதுப் போர்டு – சர்பத் இருபத்தஞ்சு ரூபாய். தங்கராஜ் கடையில் ஒன்று வாங்கினேன். புளிப்பு நாக்கில் சுர்ரென்று ஏறியது. விலை ஏறியதற்குச் சந்தோஷப்பட்டுக் காசு கொடுத்தது என் வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை.

காலி டம்ளரை வாங்கிக்கொண்டே முத்துலெட்சுமி என்னிடம் கேட்டார்.

"இந்த எலுமிச்சம்பழம் நாலஞ்சு வருசத்துக்கு முன்னாடியே விலை ஏறியிருக்கக் கூடாதா அண்ணாச்சி?"