பிள்ளைகள் தொலைகிற பூங்கா

அபயாம்பாளுக்கு அப்போது நாற்பத்தாறு வயது. மாயவரத்தில் ஐந்தாவது வரை படித்தவள். ராமச்சந்திராபுரத்துப் பெரிய தொழிற்சாலையில் கிரேன் ஓட்டும் சாம்பசிவத்தைக் கட்டிக்கொண்டு ஐதராபாத்துக்கு வந்து இருபத்தைந்து வருஷம் ஓடிவிட்டது. ஒரே பெண் கல்யாணமாகிப் புனேவுக்குப் போய்விட்டாள். வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல், பம்பாய் ரோட்டில் புதிதாகத் திறந்திருந்த சம்பராலு பார்க்கில் வேலைக்குச் சேர்ந்தாள். இரண்டாயிரத்து நாலாம் வருஷம் அது.

தொலைந்துபோன பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதுதான் அவள் வேலை.

டிக்கெட் கவுண்ட்டருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. ஒரு பாய், ஒரு ஃபேன், ஒரு மைக். அழுதுகொண்டு நிற்கும் பிள்ளையைக் காவலாள் கூட்டிவந்து விடுவான். முகம் துடைத்துத் தண்ணீர் கொடுத்துப் பேர் கேட்டு மைக்கில் சொல்வாள். நெற்றியையும் பட்டுப்பாவாடையையும் பார்த்தாலே தமிழ்ப் பிள்ளை என்று தெரியும். "உன் பேர் என்னடா கண்ணு?" என்று இவள் கேட்டால் அது தெலுங்கில் பதில் சொல்லும். அப்பா என்ன வேலை என்று கேட்டால் மட்டும் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே பதில்தான், சாஃப்ட்வேர்.

"அதை மட்டும் மைக்ல சொல்லிடாதீங்க அக்கா, பாதி பார்க் ஓடி வந்துடும்" என்பாள் சபீனா. டிக்கெட் கிழிக்கிறவள், வாணியம்பாடிக்காரி. இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு மரப்பலகைத் தடுப்புதான்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் பதினாலு பிள்ளை, பதினாறு பிள்ளை. தசரா லீவில் ஒருநாள் இருபத்திரண்டு. கூட்டம் என்றால் பிள்ளை தொலையத்தானே செய்யும் என்று அபயாம்பாளும் நினைத்திருந்தாள். ஒவ்வொரு பிள்ளையையும் மடியில் வைத்துக்கொண்டு, "அம்பாளே, இதோட அம்மாவை சீக்கிரம் கொண்டுவந்து சேர்த்துடு" என்று முணுமுணுப்பாள்.

தேஜஸ்வினி என்று நாலு வயசுக் குழந்தை ஒன்று வந்தது. இரண்டு மணி நேரம் அந்தப் பாயிலேயே உட்கார்ந்திருந்தது. அப்பாவும் அம்மாவும் இதே பார்க்குக்குள்தான் தேடிக்கொண்டிருந்தார்கள். மைக்கில் சொன்னது காதில் விழுந்தும் வாசலுக்கு வர அவர்களுக்கு வழி தெரியவில்லை. ஒரே பொம்மைக் கடையை ஐந்து தரம் சுற்றினார்களாம். ஒருவழியாக வந்து சேர்ந்தபோது புருஷனும் பெண்டாட்டியும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை. அம்மாக்காரி பிள்ளையை ஓங்கி ஒரு அறை அறைந்தாள், பிறகு கட்டிக்கொண்டு அழுதாள். குழந்தை அழவில்லை. அபயாம்பாளின் புடவைத் தலைப்பைப் பிடித்த பிடியை விடவும் இல்லை. விரல் விரலாகப் பிரித்து எடுக்கவேண்டியிருந்தது.

அன்று ராத்திரி அபயாம்பாள் சாமி விளக்கு ஏற்றினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது இந்த அறை காலியாக இருக்கவேண்டும், ஒரு பிள்ளைகூட இங்கே வரக்கூடாது என்று அம்பாளிடம் வேண்டிக்கொண்டாள்.

அடுத்த மாதம் கரண்ட் ரிப்பேருக்காகப் பார்க்கை ஒருநாள் மூடியபோது, வேலைக்காரர்கள் எல்லோரையும் நகரத்தின் இன்னொரு கோடியில் இருந்த பழைய பார்க் ஒன்றுக்கு உல்லாசப் பயணம் கூட்டிப்போனார்கள். மற்றவர்கள் ராட்டினத்துக்கும் நீச்சல் குளத்துக்கும் ஓட, அபயாம்பாள் நேரே பிள்ளைகள் அறையைத் தேடிப் போனாள். அங்கே ஒரு தெலுங்கு அம்மா சாவகாசமாகப் பூ தொடுத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கு எத்தனை பிள்ளைங்க?"

"காலையில ஒண்ணு வந்துது. அதுவும் பிஸ்கட்டுக்கு வந்துதோ என்னமோ."

அபயாம்பாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை. கூட்டமோ சம்பராலுவைவிட இரண்டு மடங்கு. இந்தப் பார்க்கின் ராட்டினங்கள் பழசு, பெயிண்ட் உரிந்து கிடக்கிறது. சம்பராலுவில் எல்லாம் வெளிநாட்டிலிருந்து வந்த புது இயந்திரம். ஆனாலும் இங்கே வந்ததிலிருந்து தன் நெஞ்சுக்குள் ஒரு இறுக்கம் தளர்ந்து கிடப்பதை அவளே உணர்ந்தாள். சுற்றிலும் பார்த்தாள். மணி மூன்று. சம்பராலுவில் மூன்று மணி என்றால் புருஷன் பெண்டாட்டி சண்டை தொடங்கும் நேரம். "நீதானே இந்தப் பக்கம்னே" "நீங்கதானே அந்தப் பக்கம்னீங்க" என்று நடுவழியில் நின்று கத்துவார்கள். இங்கே ஒருத்தரும் கத்தவில்லை.

ஏன் என்று அவளுக்குப் புரியவில்லை. ஒரு ராட்டினத்திலும் ஏறாமல் நடந்து நடந்து பார்த்தாள்.

ஐஸ்க்ரீம் வண்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெண் தன் ஆட்களை விட்டுவிட்டு நின்றது. உதடு பிதுங்கியது. அபயாம்பாள் ஓடிப்போய்த் தூக்கக் கையை நீட்டினாள். அதற்குள் அந்தப் பெண் அண்ணாந்து பார்த்தது. பார்க்கின் நடுவில் பெரிய ராட்சத ராட்டினம், எங்கே நின்றாலும் கண்ணில் படும்படி சுற்றிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே குடுகுடுவென்று நடந்தது. அபயாம்பாளும் பின்னாலேயே போனாள். ராட்டினத்தடியில் அதன் அப்பா நின்றிருந்தார். "வந்துட்டியா?" என்றார், அவ்வளவுதான்.

எல்லா வழியும் வளைந்து வளைந்து அந்த ராட்டினத்தடிக்கே வந்து சேர்ந்தது. எங்கே போனாலும் திரும்பி வந்துவிடலாம் என்ற தைரியத்தில் ஜனங்கள் நிதானமாக நடந்தார்கள், நிதானமாகச் சிரித்தார்கள். மாயவரத்தில் எந்தச் சந்தில் புகுந்தாலும் கோபுரம் தெரியும், அதைப் பார்த்து வீட்டுக்கு வந்துவிடலாம். இதுவும் அப்படித்தான். இவ்வளவு சின்ன விஷயம் நம் பார்க்கைக் கட்டியவர்களுக்குத் தோன்றாமல் போயிற்றே, பாவம், சொன்னால் சந்தோஷப்படுவார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் மேனேஜர் வெங்கடராமன் முன்னால் போய் நின்றாள்.

"சார், நம்ம பார்க்குக்கு நடுவுல ஒசரமா ஏதாவது ஒண்ணு வைக்கணும் சார். பிள்ளைங்க பார்த்துட்டு வந்துடும்."

அவர் சிரித்தார். நல்ல மனுஷர்தான், தீபாவளிக்கு எல்லோருக்கும் தன் கையாலேயே இனிப்பு கொடுப்பார். மேஜைமேல் பார்க்கின் வரைபடத்தை விரித்தார்.

"இங்கே பாரும்மா. உள்ளே வந்தவன் வெளியே போகணும்னா இந்தப் பன்னிரண்டு கடையையும் தாண்டித்தான் போகணும். வழி தெரிஞ்சா ஒரு தரம் தாண்டுவான். தெரியலைன்னா மூணு தரம் தாண்டுவான். வழி தெரியக்கூடாதுன்னுதான் இப்படிக் கட்டினதே. இதுக்குன்னு வெளிநாட்டுலேருந்து ஆள் வந்து போட்ட பிளான் இது."

அபயாம்பாளுக்குக் காது அடைத்துப்போயிற்று. அவர் பேசிக்கொண்டே போனார், அவர் வாய் அசைவது மட்டும்தான் தெரிந்தது. தெரியாமல் செய்த தப்பு என்றல்லவா நினைத்திருந்தாள்! தன் புடவைத் தலைப்பிலிருந்து பிரித்தெடுத்த அந்த விரல்கள் ஞாபகம் வந்தன. வேண்டுமென்றே செய்திருக்கிறார்கள். படித்தவர்கள் உட்கார்ந்து யோசித்துச் செய்திருக்கிறார்கள்.

"பிள்ளைங்க தொலையுதே சார்" என்றாள் கடைசியில்.

"அதுக்குத்தானே உங்களை வச்சிருக்கோம்!"

அந்த வாரம் வியாழக்கிழமை லிங்கம்பள்ளிக் கடைத்தெருவில் நாலு மீட்டர் துணி வாங்கினாள். கண்ணைப் பறிக்கிற மாதிரி, சாமந்திப் பூ நிறத்தில். வெள்ளிக்கிழமை பார்க் திறப்பதற்கு முன்னால் எலக்ட்ரீஷியன் வாசுவைப் பிடித்தாள். இதே ஊரில், போலாரத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழன் அவன்.

"தண்ணித் தொட்டி மேல இதைக் கட்டிவிடு வாசு. எங்கேருந்தாலும் தெரியணும்."

"மேனேஜர்கிட்ட கேட்டீங்களா?"

"பிள்ளைங்களுக்காகடா."

"நக்கோ அக்கா, வம்பு நக்கோ" என்று ஐதராபாத் உருதுவில் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே ஏணியில் ஏறினான். ஏறுவதற்கு முன்னால் துணியை அவன் கையிலிருந்து வாங்கி, நாலு மூலையிலும் மஞ்சளும் குங்குமமும் தடவிக் கொடுத்தாள் அவள். புதுத் துணிக்கு மஞ்சள் வைக்காமல் அவள் வீட்டில் கைக்குட்டைகூட எடுத்ததில்லை.

துணி வானத்தில் படபடத்தது. மைக்கில் அரை மணிக்கு ஒருதரம், "யாராவது தொலைஞ்சுபோனா மஞ்சத்துணி தெரியற தொட்டிக்குக் கீழே வாங்க" என்று தெலுங்கு, இந்தி, தமிழ் மூன்று பாஷையிலும் சொன்னாள். சனிக்கிழமை இரண்டே பிள்ளைகள் வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை நாலு பேர். சபீனா தடுப்புக்கு மேல் எட்டிப் பார்த்து, "என்ன அக்கா, வியாபாரம் டல்லா?" என்றாள்.

திங்கட்கிழமை காலை பஸ்ஸை விட்டு இறங்கியவள் வாசலில் போலீஸ் ஜீப்பைப் பார்த்தாள். தொட்டியடிக்கு ஓடினாள். அங்கே தேங்காய் மூடி கிடந்தது. கற்பூரம் எரிந்த கறுப்பு. ஏணியின் கீழ்ப்படியில் யாரோ ஒரு பச்சைத் துணியைக் கட்டியிருந்தார்கள். அந்தப் பக்கம் ஐந்தாறு பேர், இந்தப் பக்கம் ஐந்தாறு பேர், முறைத்துக்கொண்டு நின்றார்கள். நடுவில் சப் இன்ஸ்பெக்டர் ஸ்ரீனிவாஸ் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார். வெங்கடராமன் முகம் வெளுத்திருந்தது.

"இந்தக் கொடியை ஏத்தினது யாரு?" தெலுங்கில் கேட்டார் இன்ஸ்பெக்டர்.

கொடியா! அபயாம்பாள் அண்ணாந்தாள். அவள் கண்ணுக்கு அது துணியாக மட்டும்தான் இத்தனை நாளும் தெரிந்திருந்தது. இப்போது அவர்கள் கண்ணோடு பார்த்தாள். நிறம், தொங்குகிற தினுசு, மூலையில் குங்குமம். ஐயோ, ஆமாம், கோயில் கொடிதான்.

"நான்தாங்க. கொடி இல்லீங்க, துணிங்க. பிள்ளைங்க தொலையாம இருக்க."

"துணிக்கு எதுக்கு குங்குமம்?"

சபீனாதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "புதுத் துணிக்கு வைப்பாங்க சார் இவங்க. எனக்கு பக்ரீத்துக்கு வாங்கிக் கொடுத்த சுடிதார்லகூட மஞ்சக் கறை. இன்னும் போகலை. இவங்க கிட்ட போய்க் கொடியைப் பத்திக் கேக்கறீங்களே!"

யாரோ சிரித்தார்கள். முறைத்துக்கொண்டு நின்றவர்களில் ஒருவர் தலையைக் குனிந்துகொண்டார். இரண்டு துணியையும் இன்ஸ்பெக்டர் இறக்கச் சொன்னார். வாசு இறக்கினான். அபயாம்பாள் வாங்கி மடித்துக்கொண்டாள். பச்சையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள். சபீனா அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பையில் வைத்தாள்.

"இனிமே இந்த மாதிரி ஏதாவது பண்ணினா வேலை இருக்காது" என்றார் வெங்கடராமன். எல்லாம் போயிற்று, வரும் ஞாயிறு மறுபடியும் பதினாறு பிள்ளைகள் என்று அபயாம்பாள் தன் அறைக்கு நடந்தாள்.

அரை மணி நேரம் கழித்து ஜீப் டிரைவர் வந்தான். "எங்க சாரைப் பார்த்தீங்களா? எப்பவோ கிளம்பினாரே?"

யாரும் பார்க்கவில்லை. எனக்கு வழி தெரியும் என்று தனியாகக் கிளம்பியவர், இன்னும் பத்து நிமிஷம் கழித்து எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. தொப்பியைக் கையில் பிடித்திருந்தார். நேரே வெங்கடராமனிடம் போனார்.

"அந்தப் பொம்மைக் கடையை எத்தனை தரம் பார்த்தேன் தெரியுமா? நாலு தரம்! உள்ளே தீப் பிடிச்சா ஜனங்க எந்தப் பக்கம் ஓடுவாங்க?"

தீயைப் பற்றி வெங்கடராமனுக்கு அந்த வெளிநாட்டு ஆள் ஒன்றும் சொல்லவில்லை போலிருக்கிறது.

"ஒரு வாரம் டைம். எங்கே நின்னாலும் தெரியற மாதிரி ஒசரமா ஏதாவது வைக்கணும், வெளியே போற வழியையும் எழுதணும். துணி வேண்டாம். எந்தச் சாமியும் வேண்டாம்."

பின்கட்டில் ஃபைபரில் செய்த ஒட்டகச்சிவிங்கி ஒன்று கிடந்தது. கழுத்து நீளமாகிவிட்டதால் ரயில் சவாரிக் கூடாரத்துக்குள் நுழையாமல், வந்த நாளிலிருந்து கேட்பாரற்றுக் கிடந்தது. கிரேன் வைத்துத் தூக்கித் தொட்டிமேல் நிறுத்தினார்கள். "இதுக்கு ஜாதியும் நக்கோ மதமும் நக்கோ" என்று வாசு அதன் காதில் ஒரு விளக்கை மாட்டினான்.

முதல் ஞாயிறு ஐந்து பிள்ளைகள், அடுத்தது மூன்று. மூன்று மணிச் சண்டைகளும் குறைந்தன. வழி தெரிந்ததும் ஜனங்கள் ஓடிவிடுவார்கள் என்று பயந்திருந்தார் வெங்கடராமன். அவர்களோ சாயங்காலம்வரை இருந்தார்கள், போனவர்கள் மறுபடியும் வந்தார்கள். ஆறாவது ஞாயிறு, காலையிலிருந்து சாயங்காலம் வரை, ஒரு பிள்ளைகூட வரவில்லை. காலிப் பாயைப் பார்த்துக்கொண்டு அபயாம்பாள் கையைக் கூப்பினாள்.

அடுத்த சனிக்கிழமை வந்து பார்த்தால் அறைக்குள் பாய் இல்லை, மைக் இல்லை. பாப்கார்ன் இயந்திரம் ஒன்று பொரிந்துகொண்டிருந்தது. உள்ளே நின்றவன் "என்ன வேணும்?" என்று அவளையே கேட்டான். வாசலில் அப்படியே நின்றுவிட்டாள். தன்னை யாரோ அழித்துவிட்டு மேலே எழுதினாற்போல் இருந்தது.

"பிள்ளைங்கதான் தொலையறது இல்லையே, அப்புறம் எதுக்கு ரூம்?" என்றார் வெங்கடராமன். குரலில் ஒரு கெடுதலும் இல்லை. "உங்களை நிறுத்தலை அம்மா. ஒட்டகச்சிவிங்கிக்குக் கீழே நாற்காலி போட்டிருக்கு. அங்கே உட்காருங்க. எவனாவது வந்தா பார்த்துக்குங்க."

பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று, தொட்டி நிழலில். உட்கார்ந்தாள். கால்மணி நேரம்கூட ஆகியிருக்காது, கைக்குழந்தையோடு ஒருத்தி வந்து பக்கத்தில் நின்றாள். சுற்றுமுற்றும் பார்த்தாள். அந்தப் பெரிய பார்க்கில் காசு கொடுத்துத் தின்னாமல் உட்கார இடமே கிடையாது. இத்தனை நாள் அறைக்குள் பாயில் உட்கார்ந்திருந்தவளுக்கு அது இப்போதுதான் தெரிந்தது. தெரிந்ததும் திடுக்கிட்டு எழுந்தாள்.

"உட்காரும்மா, பால் கொடு."

அன்று பூராவும் அந்த நாற்காலி காலியாகவே இல்லை. சாயங்காலம் கால் வீங்கி, ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள். அவளைப் பார்த்ததும் வெங்கடராமன் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"என்ன அம்மா மறுபடியும்?"

"ஒண்ணும் இல்லை சார். இன்னும் கொஞ்சம் நாற்காலி வேணும்."

"எத்தனை?"

"ஒரு ஐம்பது" என்றாள் அபயாம்பாள்.