தைல வாசம்

குன்னூரில் ஒரு டீ பேக்டரி ஆபீசில் வேலை பார்க்கிறேன். ஸ்பெயின் வியாபாரியின் மெயில்களுக்காக ஸ்பானிஷ் படித்துக்கொண்டிருந்த சமயம். நாங்கள் அனுப்பிய தேயிலையில் தைல வாசம் அடிப்பதாக அவரிடமிருந்து புகார் வந்தது.

பேக்கிங்கில் இருக்கும் சரோஜாக்கா முழங்கால் வலிக்குத் தைலம் தடவுவார். நான் யோசிக்கவே இல்லை. எல்லோரும் நிற்கும்போதே, "உங்களாலதான் பேக்டரி பேரே கெட்டுதுங்க" என்று கத்தினேன். அக்கா தலையைக் குனிந்துகொண்டார்.

பத்து நாளில் அடுத்த மெயில். தவறு அவர்களுடைய குடோனில்தானாம். அதில் 'ரெத்ராக்தார்சே' என்றொரு சொல் புரியாமல் அகராதியைப் பார்த்தேன். சொன்னதை முறைப்படி திரும்பப் பெறுவது என்று இருந்தது. புகார் போன அத்தனை பேருக்கும் அந்த மெயிலும் போயிருந்தது.

நானோ அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன்.

"அன்னைக்கு நீங்க சொன்னதை எல்லாரும் கேட்டாங்களேங்க" என்றார், மெதுவாக.

மறுநாள் எல்லோர் முன்னாலும் என் தப்பைச் சொன்னேன். அக்கா சிரித்தார். ஆனால் தைலத்தை மட்டும் அவர் திரும்பத் தொடவே இல்லை. இந்தக் குளிரிலும் காலை இழுத்து இழுத்துத்தான் பேக்டரி மேடேறி வருகிறார்.