சுவருக்கு அந்தப் பக்கம்

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் நீராவி அக்காவைத் தெரியாதவர்கள் இல்லை. இயந்திரம் போடும் சத்தத்தை வைத்தே எந்தக் குழாய் மக்கர் பண்ணுகிறது என்று சொல்லிவிடுவாள். கூடத்தின் நடுவே ஒரு சுவர். அதில் இருபக்கமும் கதவு வைத்த பெரிய இயந்திரங்கள். இந்தப் பக்கம் ரத்தத் துணியைத் திணித்தால், வெளுத்து அந்தப் பக்கம் வரும். துணி போகும், பதினோரு வருடமாக அக்கா போனதில்லை. அவள் நிறத்தில் இருக்கிற யாருமே போனதில்லை. சட்டமெல்லாம் ஒன்றுமில்லை, சும்மா அப்படித்தான்.

மூன்று வருடமாக, வருடத்துக்கு ஒரு நாள் சமத்துவக் கூட்டம் என்று அவளை மேடையேற்றுகிறார்கள். முதல் வருடம், சாப்பாட்டு அறையில் தன்னைக் கண்டதும் அந்தப் பக்கத்துக்காரி ஒருத்தி தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்து போனதைச் சொன்னாள். மேலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது அவருக்கு ரொம்பப் பிடித்துப்போக, அடுத்த இரண்டு வருடமும் அதையே சொல்ல வைத்தார்கள். கைதட்டல் பிரமாதம். மறுநாள் அதே அழுக்கு மூட்டை.

இந்த வருடம் அந்தப் பக்கத்து மேற்பார்வையாளர் வேலை காலி. இயந்திரப் பரீட்சையில் தேறி அக்கா மனுப் போட்டு எட்டு மாதமாகிறது. பதிலே இல்லை.

“வாயைத் தொறந்து இருக்கிறதையும் கெடுத்துக்காத,” என்று புருஷன் காலையிலேயே எச்சரித்திருந்தான். அவள் வேலையில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது.

இந்த வருடமும் மேடையேற்றினார்கள். பேசாமல் பழைய கதையை ஒப்பித்துவிட்டு இறங்கிவிடலாமா என்றிருந்தது.

“அன்னிக்கு எப்படி வலிச்சுது, சொல்லுங்கம்மா,” என்றாள் கூட்டம் நடத்த வந்தவள்.

“மூணு தடவை சொல்லிட்டேங்க.” மேலாளர் பக்கம் திரும்பினாள். “மெஷின் நின்னா அந்தப் பக்கத்துலேருந்து சுவத்தைத் தட்டி என்னைத்தான் கேக்குறாங்க. அந்த வேலை எனக்குத் தெரியும். அதைக் குடுங்க.”

யாரும் கைதட்டவில்லை. மேலாளரின் முகம் இறுகியது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தாள்.

“ஆமா சார், தட்டுவோம்,” என்றார் அந்தப் பக்கத்து இஸ்திரிக்காரர், தரையைப் பார்த்தபடி. “நேத்துகூட தட்டினோம்.”

மேலாளர் பேனாவை எடுத்தார். வேலைப் பட்டியலில் தன் பேரை அடிக்கத்தான் என்று அவளுக்கு உயிரே போய்விட்டது.

“அந்தப் பக்கத்துல எந்த ஷிப்ட் கேக்குறீங்க?”

மூன்று வருடமாக வலியை மட்டுமே விசாரித்தவர் அவர்.

“காலை ஷிப்ட்,” என்றாள். மேசையை இறுகப் பிடித்துக்கொண்டுதான் சொன்னாள்.