மிளகாயைச் சாப்பிடக் கூடாதாம்

சாப்பாடு வாயில் வைக்க முடியாதபடி இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் அந்த உணவகத்துக்குள் நுழைந்தேன். சமைக்கப் போகிறவன் என் சொந்தத் தம்பி. இப்படியும் ஓர் அக்கா வேண்டிக்கொள்வாளா என்று கேட்டால், வேண்டிக்கொள்வாள். அவளுக்கும் காரணம் இருக்கும்.

தம்பி கொழும்பில் ஒரு சீன உணவகத்தில் மூன்று வருடங்களாக வேலை செய்கிறான். கொத்து ரொட்டிக்குப் பக்கத்தில் நூடில்ஸ் போடும் கடையல்ல, அசல் சிச்சுவான் சமையல். நான் கொட்டகலைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் ஆசிரியை. கொழுந்து பறித்தே முழங்கால் தேய்ந்து, சர்க்கரை வியாதியும் சேர்ந்துகொண்ட அம்மாவோடு தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டு ஒற்றை அறையில் இருப்பவள் நான்தான். அம்மாவைத் தனியாக விட முடியாது. லயத்தை விட்டு வேறெங்கும் வந்து தங்கவும் அவர் சம்மதிக்கமாட்டார். அதனால் எனக்கும் தம்பிக்கும் ஓர் ஒப்பந்தம் இருந்தது. மூன்று வருடம் அவன் கொழும்பில் இருப்பான். பிறகு நுவரெலியாவில் ஏதாவது ஹோட்டல் வேலையைத் தேடிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவான், நான் கொழும்புக்குப் படிக்கப் போவேன். எனக்கு மேற்படிப்புக்கு இடமும் கிடைத்துவிட்டது. ஒரு தடவை தள்ளிப்போட்டாயிற்று, இன்னொரு தடவை தரமாட்டார்கள். அம்மாவுக்கு இதில் எதுவுமே தெரியாது. நேரம் வரும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

அந்த நேரத்தில்தான் தம்பியிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, மொதலாளி என்ன சீனாவுக்கு அனுப்புறேங்குறாரு. ரெண்டு வருசம் அவங்க ஊர்லயே இருந்து சமையல் பழகணும். நீ அம்மாவ கூட்டிட்டு வா. சாப்பிட வச்சிட்டு நானே கேட்டுக்குறேன். நீ ஒன்னும் சொல்லிறாத."

"அப்ப என் படிப்பு?"

"ரெண்டு வருசந்தானேக்கா."

தானேயாம்! வந்த ஆத்திரத்தில் போனை அரிசி மூட்டை மேல் எறிந்தேன். உடையாத இடமாகப் பார்த்து எறிகிற ஆத்திரம்தான் என்னுடையது. ஆனாலும் ஒரு நம்பிக்கை இருந்தது. அவனைக் கொழும்புக்கு அனுப்பவே மாதக்கணக்கில் அழுதவர் அம்மா, சீனாவுக்கு எங்கே அனுப்பப் போகிறார்? அவர் வாயாலேயே மாட்டேன் என்று வரட்டும், அந்தப் பழி எனக்கு வேண்டாம் என்று கணக்குப் போட்டுத்தான் அழைத்துப் போனேன். அது கோழைத்தனம் என்று அப்போதே தெரியும்.

விடியற்காலை பஸ். வளைவுகளில் அம்மா இரண்டு முறை வாந்தி எடுத்தார். உணவகத்தில் வட்ட மேசை, அதன் நடுவில் சுற்றுகிற கண்ணாடித் தட்டு. அது சுற்றத் தொடங்கும்போதெல்லாம் அம்மா பதறிப்போய்க் கையால் பிடித்து நிறுத்தினார். சாப்பாட்டுப் பட்டியலில் சீனம் இருந்தது, ஆங்கிலம் இருந்தது, சிங்களம் இருந்தது. தமிழைக் காணோம். எரிச்சலில் அதை மூடி வைத்தேன். பரிமாறும் பெண் வெளிறிய தேநீரை ஊற்றினாள். அம்மா மோந்து பார்த்துவிட்டு, "இது என்ன, கொழுந்து கழுவுன தண்ணியா?" என்றார். முப்பது வருடம் கொழுந்து எடுத்தவருக்கு அப்படிக் கேட்க உரிமை உண்டு.

தம்பியின் கைச்சமையல் வந்தது. ஒரு பெரிய தட்டு நிறைய, காய்ந்து சிவந்த செத்தல் மிளகாயைப் பொரித்து வைத்திருந்தது. அதற்குள் கிளறித் தேடினால் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கோழித் துண்டு. பரிமாறியவள் வைத்துவிட்டுப் போய்விட்டாள், எப்படிச் சாப்பிடுவது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எங்கள் வீட்டில் பொரித்த மிளகாய் என்றால் மோர் மிளகாய்தான், சோற்றோடு கடித்துக்கொள்வது. அம்மாவும் அப்படித்தான் செய்தார். சோற்றைப் பிசைந்து, வாய்க்கு ஒரு மிளகாயாகக் கடித்தார். நான் நான்கோடு நிறுத்திக்கொண்டேன். அம்மாவுக்கு வேர்த்து ஊற்றியது, கண்ணில் நீர் கொட்டியது.

"புள்ள, என் ஒதடு இருக்கான்னு பாரு."

சர்க்கரைதான் ஏதோ செய்கிறது என்று ஒரு நிமிடம் எனக்கு உயிரே போய்விட்டது. பிறகுதான் என் உதடும் மரத்திருப்பது தெரிந்தது. அவர்கள் போடும் ஒரு மிளகு அப்படிச் செய்யுமாம்.

"விடும்மா, போதும்."

"எம்புள்ள சமச்சது. மிச்சம் வப்பேனா?"

ஒரு மிளகாய்கூட மிச்சம் வைக்கவில்லை. தட்டு சுத்தமான நேரத்தில் தம்பி வெள்ளைச் சட்டையோடு வெளியே வந்தான். கூடவே அவனுடைய சீன முதலாளி.

"அம்மா, மிளகாயெல்லாம் எங்க?"

"சாப்பிட்டேன்ல."

"ஐயோ, அது வாசத்துக்குப் போடுறதும்மா! கோழிய மட்டும் பொறுக்கி எடுத்துக்கிட்டு மிளகாய விட்டுறணும்."

அதை முதலாளிக்கு வேறு மொழிபெயர்த்தான், மடையன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பரிமாறும் பெண்கள் ஓடி வந்து தட்டை எட்டிப் பார்த்தார்கள். முதலாளி கட்டைவிரலை உயர்த்திக் காட்டி அம்மாவுக்குத் தலை வணங்கினார். கேலியாகச் செய்யவில்லை என்று எனக்குப் புரிந்தது, அம்மாவுக்குப் புரியவில்லை. முந்தானையை இழுத்துக் கையை மூடிக்கொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சாப்பிடக் கூடாதத எதுக்குடா ஒரு கூடை கொண்டாந்து வைக்கிறீங்க?"

தம்பி அதைக் காதில் வாங்கவேயில்லை. அம்மாவின் மிளகாய்க் கண்ணீரை ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்துப் பூரித்துப்போய் நின்றான். முதலாளி பக்கத்தில் நிற்கும்போதே கேட்டும்விட்டான்.

"அம்மா, இவருதான் என்ன ரெண்டு வருசம் சீனாவுக்கு அனுப்புறேங்குறாரு. போகட்டுமா?"

அம்மா முதலாளியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் கண்ணாடித் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா இடுப்பிலிருந்து திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, அவன் நெற்றியில் பூசினார்.

"போயிட்டு வாப்பா."

உதடு மரத்திருந்ததால் வார்த்தை குழறியது. ஆனால் அதுதான் வார்த்தை. திருநீறு பூசிச் சொன்னதை அம்மா ஒரு நாளும் மாற்றியதில்லை. அது எனக்கும் தெரியும், தம்பிக்கும் தெரியும்.

திரும்பும்போது பஸ் கினிகத்தேனையில் நின்றது. கடை வாசலில் தேநீர்க் கோப்பையோடு நின்ற அம்மா, "இப்பதான் நாக்கு வந்திருக்கு," என்றார். அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. ஒப்பந்தம், கிடைத்த இடம், தள்ளிப்போட்டது, எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். நான் முடித்ததும் அம்மா கேட்டார்.

"அவனுக்கு இது தெரியுமா?"

"தெரியும்."

கோப்பையைக் கீழே வைத்தார். "அந்த மனுசன் முன்னாடி மிளகாயத் தின்னு எம்புள்ளைக்கு ஏற்கனவே தலகுனிவாக்கிட்டேன். மாட்டேன்னு வேற சொல்லி அவன இன்னும் அவமானப்படுத்தணுமான்னுதான் சரின்னேன். அப்பவும் ஒன் மொகத்தத்தான் பாத்தேன். நீ எங்கயோ பாத்துக்கிட்டு இருந்த. ஒனக்கும் சம்மதம் போலன்னு நெனச்சிட்டேன். ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே, புள்ள."

பஸ் புறப்பட ஹோர்ன் அடித்தது. படி உயரம், அம்மாவுக்கு முழங்கால் மடங்கவில்லை. கீழே நின்று, இரண்டு கையாலும் அவரைத் தாங்கி ஏற்றினேன்.